ஈறுக்குள் ஒன்றும் இல்லை

சிட்டு பள்ளிக்கூடத்தில் ஒருவனைக் கடித்துவிட்டான். சாதாரணக் கடியாக இருந்தால் அன்றோடு போயிருக்கும். கடிபட்ட பையன் கையைத் தூக்கிக் காட்டியபோது அதில் இரண்டே இரண்டு புள்ளிகள், பாம்பு தீண்டிய மாதிரி. பார்த்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்குப் போன் வந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போட்டது போட்டபடி ஓடினாள்.

தலைமை ஆசிரியையின் அறையில் சிட்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தான். ஆறு வயது. தலையில் முடி என்று சொல்வதற்குப் பூனை ரோமம் போலக் கொஞ்சம். மேல் ஈறில் முன்னால் இரண்டு பல், ஆணி முனை மாதிரிக் கூராக. கடைவாயில் தேடினால் இன்னும் இரண்டு கிடைக்கும். கீழ்வரிசை என்று ஒன்று கிடையாது, வெறும் ஈறுதான். ஊதினால் பறந்துவிடுவான் என்று கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ சொல்லப்போய்ச் சிட்டு என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

"அவன்தாம்மா மொதல்ல..." என்று ஆரம்பித்தான். பல் இல்லாத வாயிலிருந்து அது வேற்றுப் பாஷை போல வந்தது. அம்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது. எல்லோரும் அவனைப் பாம்பு, பாம்பு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பாம்பென்றால் கடிக்கத்தானே செய்யும் என்று இவனும் கடித்துவிட்டான்.

"நான் கோவத்துல சொல்லலம்மா" என்றார் தலைமை ஆசிரியை. "இவன் என்ன பேசறான்னு டீச்சருக்கே புரியல. ஒரு தடவை பல் டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துடுங்க."

"லேட்டா மொளைக்கும்னு சொன்னாங்க, டீச்சர்."

"யாரு சொன்னா?"

யார்தான் சொல்லவில்லை? மாத்திரைக் கடைக்காரர் சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "என் கடைசித் தம்பிக்கும் லேட்டுதான், இப்ப கல்லைக் கடிச்சுத் துப்பறானே" என்று நாத்தனார் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே அவள் இத்தனை வருஷம் ஓட்டியிருந்தாள். ரொட்டியைப் பாலில் ஊற வைத்து, பழத்தை மசித்து, முளைக்கும் முளைக்கும் என்று.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் பல்லுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. சுவரெல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்கும் முதலை, முயல் படங்கள். சிட்டு முதலையின் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஓர் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார்கள். அது அவன் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எக்ஸ்ரே எடுத்தது.

பல் டாக்டரம்மாவுக்கு நடுவயது, மெதுவான குரல். திரையில் சிட்டுவின் எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு வேறொரு எக்ஸ்ரேயைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"இது இவன் வயசுப் பையன் ஒருத்தனோடது. பால் பல்லுக்கு அடியில பாருங்க. அடுத்து வரப்போற பல்லெல்லாம் எலும்புக்குள்ள எப்படி நெருக்கியடிச்சு ஒக்காந்திருக்கு, தெரியுதா?"

தெரிந்தது. பஸ்ஸில் இடம் பிடித்த மாதிரி முட்டிமோதிக்கொண்டு எத்தனை பற்கள்!

"இது உங்க பையனோடது."

சாம்பல் நிறத்தில் இரண்டு தாடை எலும்புகள். வெளியில் தெரிந்த அந்த நாலு பல்லைத் தவிர உள்ளே மேலேயும் ஒன்றும் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த தட்டுப் போல இருந்தது.

"எப்ப டாக்டர் மொளைக்கும்?"

"மொளைக்காதும்மா. உள்ள இருந்தாத்தானே மொளைக்கும்?"

டாக்டரம்மா சிட்டுவின் முடியைத் தொட்டுப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், உள்ளங்கையைத் தன் விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டார்.

"இவனுக்கு வேர்க்குமா?"

என்ன கேள்வி இது என்று முதலில் தோன்றியது. பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். பொழுதெல்லாம் ஊரார் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். என்ன துவைத்தாலும் சூடு பட்டதும் சட்டையின் அக்குளிலிருந்து பழைய வியர்வை வாடை கிளம்பும். சிட்டுவின் சட்டையில் அந்த வாடை ஒருநாளும் வந்ததில்லை. என் பிள்ளை சட்டை அழுக்கே ஆகாது என்று அவள் பெருமைப்பட்டுக்கூட இருக்கிறாள்.

"வேர்த்து நான் பார்த்ததே இல்ல, டாக்டர்."

"அடிக்கடி காய்ச்சல் வருமா? காரணமே இல்லாம?"

"வந்துட்டே இருக்கும். ராத்திரி கொறஞ்சுடும்."

"அது காய்ச்சல் இல்லம்மா. ஒடம்பு சூடு. வேர்வை வந்தாத்தான் ஒடம்பு தணியும். இவனுக்கு வேர்வைச் சுரப்பியே சரியா உருவாகல. பல்லு, முடி, வேர்வை எல்லாம் கருவுல ஒரே எடத்துலேருந்து வர்றது. அங்க ஒரு கொறை இருந்தா எல்லாத்துலயும் தெரியும். நீங்க கொஞ்சம் வாயைத் தெறங்க, பாக்கறேன்."

அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. கீழே முன்பற்கள் இரண்டு அவளுக்கும் கிடையாது. மேலே ஓரத்தில் ஒன்று குச்சி மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்தே உதட்டை மூடிச் சிரித்துப் பழகிவிட்டாள். கல்யாணப் போட்டோவில்கூட வாய் மூடித்தான் இருக்கிறது.

டாக்டரம்மா பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். "கூடப் பொறந்தவங்க?"

"தம்பி ஒருத்தன் இருந்தான். கைக்குழந்தையிலயே போயிட்டான்."

"எதனால?"

"காய்ச்சல்" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே கேட்டது. அப்போது கடும் வெயில் காலம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் அம்மா கம்பளியில் இறுக்கிச் சுற்றி வைத்தாள்.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இது அம்மா வழியாக வருவது. பெண்களுக்கு லேசாகத் தொட்டுவிட்டுப் போகும், ஒரு பல் இரண்டு பல்லோடு நின்றுவிடும். அதே குறை ஆண்பிள்ளைக்குப் போனால் முழுசாகத் தாக்கும். ரத்தம் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம். இனி ஆண்பிள்ளை பிறந்தாலும் அவனுக்கும் இது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று அவளும் அவள் புருஷனும் அந்த வருஷம்தான் பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பேச்சை அவள் அந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டாள்.

"அப்ப எங்கிட்டேருந்துதான் வந்திருக்கு."

"நீங்க வேணும்னா குடுத்தீங்க? இதுல யார் தப்பும் இல்லம்மா. இப்போதைக்குப் பல் செட்டு கட்டித் தரேன். கூரா இருக்கற பல்லையும் பல் நெறத்துப் பசை வச்சு முனையை மழுக்கிடலாம். தாடை வளர வளர செட்டை மாத்தணும். வளர்ந்து முடிச்சப்புறம் எலும்புல திருகி வைக்கற பல்லு போடலாம். பல்லுக்கு வழி இருக்கு. எனக்குச் சூடுதான் பயம். வீடு எப்படி? காத்தோட்டமா இருக்குமா?"

"ரொட்டி அடுப்புக்கு நேர் மேல இருக்கோம், டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

அவள் புருஷன் ரொட்டிக்கடையில் அடுப்படி மேஸ்திரி. அடுப்பின் முகத்தைப் பார்த்தே உள்ளே இருக்கும் ரொட்டியின் பதம் சொல்லுவான். இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் முதலாளி மாடியிலேயே அறை கொடுத்திருந்தார். வேலையும் வீடும் ஒட்டிப்பிறந்தவை. தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். குளிர் காலத்தில் வந்து போகிறவர்கள் பொறாமைப்படுவார்கள். சிட்டு மட்டும் பாயில் படுக்கவே மாட்டான். குளியலறையின் ஈரத் தரையில் போய்ச் சட்டையில்லாமல் குப்புறப் படுத்துக்கொள்வான். தண்ணீர் டிரம்முக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வான். சளி பிடிக்கும் என்று அதற்காக இரண்டு பேரும் அவனை அடித்திருக்கிறார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவளுக்கு அந்த அடிகள் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தன.

"பல்லுக்குப் போனா பல்லைப் பத்திப் பேசணும்" என்றான் அவள் புருஷன். வேலை முடிந்து வந்து, கழுத்துத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை. "வீட்டை மாத்தச் சொல்றதுக்கு அவங்க யாரு?"

"உயிருக்கு ஆபத்துன்னு சொல்றாங்க."

"ஆறு வருஷமா இங்கதானே இருக்கான்? என்ன ஆயிடுச்சு? பல்லு மொளைக்காததுக்கும் வேர்க்காததுக்கும் என்ன சம்பந்தம்? யாராவது கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க."

"சொந்தத் தம்பியை நான் பறிகொடுத்திருக்கேங்க."

"அது ஒங்க அம்மா பார்த்துக்காம விட்டதுன்னு ஒங்க அப்பாவே சொல்லிருக்காரே!"

சொன்னது அவனுக்கே சுட்டுவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இங்க பாரு. இந்த வீட்டை விட்டா வேலையையும் விடணும். அடுப்பைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? செட்டு கட்டு. நான் வேண்டாம்னு சொல்லல. பல்லு வந்தா நல்லா சாப்புடுவான், தெம்பு வரும். வீட்டைப் பத்தி அப்புறம் பார்ப்போம்."

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயத்தை 'அப்புறம்' என்று சொல்லித் தள்ளி வைத்தான். அவளும் பலவீனமாக அதற்கு ஒத்துக்கொண்டாள்.

செட்டுக்கு அளவு எடுப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. குதிரை லாடம் போன்ற ஒரு தட்டில் இளஞ்சிவப்புக் களியைக் குழைத்து வைத்து, அதை வாய்க்குள் அழுத்தி, இறுகும் வரை பிடித்திருக்க வேண்டும். முதல் தடவை சிட்டு டாக்டரம்மாவின் கையெல்லாம் வாந்தி எடுத்தான். அடுத்த தடவை தட்டைத் தட்டிவிட்டுவிட்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். பிறகொரு நாள் அவள் அவனை மடியில் இருத்தி, இரண்டு கையையும் தன் கைக்குள் பூட்டி, தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அறுபடும் ஆட்டின் சத்தம் போலவே இருந்தது.

"மூக்கால மூச்சு விடுடா கண்ணா, மூக்கால... இதோ ஆச்சு... இதோ ஆச்சு..." என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆன பாடில்லை. கடைசியில் வெளியே எடுத்த களியில் அவன் ஈறு அப்படியே பதிந்திருந்தது. அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

செட்டு வந்தது. சின்னச் சின்னப் பற்கள், பிளாஸ்டிக் ஈறு, பொம்மைக்குப் போடுவது மாதிரி. வாயில் வைத்ததும் சிட்டுவின் முகமே மாறிவிட்டது. குழிந்திருந்த உதடு நிமிர்ந்து, கன்னம் எழும்பி, யாரோ ஒரு அழகான பையன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவள் அழுதுவிட்டாள்.

"நத்தைன்னு சொல்லு பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. "நாக்கு பல்லுல இடிக்கணும். ந...த்...தை."

"நத்தை" என்றான். பிறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து அப்படித் தெளிவாக ஒரு சொல் வந்ததே இல்லை. அவனுக்கே ஆச்சரியம். "நத்தை, நத்தை" என்று நாலு தடவை சொன்னான்.

அந்தச் சந்தோஷம் வீட்டு வாசல் வரைக்கும்தான். ஈறு உறுத்தியது. சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. செட்டைத் துப்பித் துப்பிப் போட்டான். கட்டிலுக்கு அடியில், ஷூவுக்குள், மாவு மூட்டைக்குப் பின்னால் என்று தினம் ஓர் இடத்தில் ஒளித்து வைத்தான். கெஞ்சினாள், மிரட்டினாள், லஞ்சம் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் "கெழவன் பல்லு" என்று சொன்னதோடு சரி, அங்கே போட்டுக்கொள்வதே நின்றது. பாம்பு போய்க் கிழவன் ஆகிவிட்டான்.

ஒரு விடுமுறை நாளில் அவள் அப்பாவைப் பார்க்கப் போனாள். அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரின் மறு கோடியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். தம்பி செத்த நாளிலிருந்து அம்மாவிடம் அவர் சரியாகப் பேசியதில்லை. "ஒரு புள்ளையைப் பார்த்துக்கத் துப்பில்ல" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் விதவிதமான சந்தர்ப்பங்களில் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் அதுதான், கதவு திறந்து கிடந்தாலும் அதுதான். அம்மா பதில் சொல்ல மாட்டாள். பதில் சொல்லாமலே ஒரு நாள் செத்தும் போனாள்.

டாக்டரம்மா சொன்னது சரிதான் என்று ரத்தப் பரிசோதனையின் முடிவு அதற்குள் வந்திருந்தது. அவள் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். பல்லில் தொடங்கி வியர்வை வரை.

"அப்பா, தம்பிக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. அம்மா சரியாத்தான் பார்த்துக்கிட்டாங்க. காய்ச்சல்னு நெனச்சுக் கம்பளி சுத்தினாங்க. யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க."

அவர் குடை ஒன்றைப் பிரித்துப் போட்டுக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"அம்மாவுக்குப் பல்லு எப்படிப்பா இருக்கும்? எனக்கு ஞாபகமே இல்ல."

"எனக்கும் தெரியாதும்மா" என்றார். "சிரிக்கும்போது கையால வாயைப் பொத்திக்குவா. வெக்கம்னு நெனச்சேன். எனக்கு அது ரொம்பப் புடிக்கும்."

பிறகு குடைக் கம்பியைக் கீழே வைத்தார். "இப்ப வந்து சொல்றியே. நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ரோட்டில் தார் இளகியது. வெப்பம் அதிகமென்று பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அவள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. காலையில் கிளம்பும்போது டிரம்மை நிரப்பி, துண்டுகளை நனைத்துப் போட்டு, மின்விசிறியைச் சிட்டுவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். "அடிக்கடி மேல போய்ப் பாருங்க" என்று புருஷனிடம் கெஞ்சிச் சொல்லுவாள். "சரி சரி" என்பான்.

அன்று மதியம் சலவைக்கடையில் திடீரென்று மின்சாரம் போயிற்று. இஸ்திரிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஆறின. மற்றவர்கள் விடுப்புக் கிடைத்த மாதிரி வாசலில் போய் உட்கார்ந்து கதை பேசத் தொடங்கினார்கள். அவள் கடையின் மின்விசிறி சுற்றி ஓய்வதைப் பார்த்தாள். இங்கே இல்லையென்றால் அங்கேயும் இருக்காது. விசிறி நின்றிருக்கும். புருஷனுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளியம்மாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் ஓடினாள்.

தெருமுனையிலேயே தீய்ந்த வாடை அடித்தது. அவள் புருஷன் அடுப்பில் இருக்கும்போது ரொட்டி தீய்ந்து அவள் கண்டதில்லை. கடைக்குள் புகை மண்டியிருந்தது. அடுப்புக்குள் கரியாகிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மாவு பிசைகிறவர்கள் எல்லோரும் ஒரு மூலையைப் பார்த்து நின்றிருந்தார்கள். வெயில் காலத்தில் மாவு பிசைய ஐஸ் போட்டுத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டிக்குள் அவள் புருஷன் உடுத்த துணியோடு உட்கார்ந்திருந்தான். மடியில் சிட்டு. இருவர் மேலும் மாவு நனைந்து கூழாக அப்பியிருந்தது. சிட்டுவின் கண் மேலே செருகியிருந்தது. ஒரு பக்கக் கையும் காலும் வெட்டிவெட்டி இழுத்தன.

"வேர்க்கல..." என்றான் அவள் புருஷன் அவளைப் பார்த்து. "வேர்க்கவே இல்லடி."

பிறகு ஆம்புலன்ஸிலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு அடுப்பு ரொட்டியை இறக்கிவிட்டு மேலே போகலாம் என்றிருந்தான். இறக்கியதும் அடுத்ததை ஏற்றினான். போனபோது குளியலறைத் தரையில் பிள்ளை கிடந்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை. காலையில் நிரப்பிய டிரம்மைத் தன் மேல் ஊற்றி ஊற்றியே பிள்ளை காலி செய்திருந்தான். தரை காய்ந்திருந்தது. தூக்கினால் சுடுதட்டைத் தூக்கிய மாதிரி இருந்தது. இவன் நெற்றியிலிருந்து வியர்வை பிள்ளையின் நெஞ்சில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இவன் உடம்பில் அத்தனை தண்ணீர். பிள்ளையின் தோலில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

ஆஸ்பத்திரியில் சிட்டுவின் மேல் ஈரத் துணி போட்டு விசிறி வைத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். வலிப்பு நின்றது. ஆனால் கண் திறக்கவில்லை. அன்று திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை.

அவள் புருஷன் சுவரோரமாகக் குந்தியிருந்தான். முழங்கையில் மாவு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"நீ சொன்னே. நான்தான் கேக்கல. எம்புள்ளையை நான்தான்..."

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு புள்ளையைப் பார்த்துக்கத் துப்பில்லை என்று அதே வார்த்தை, அதே குரல். அப்பாவின் குரல் தன் தொண்டைக்குள் இருப்பதை அவள் உணர்ந்தாள். அதைச் சொல்லிவிட்டால் எப்படி இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். அம்மாவின் வாய் மெல்ல மெல்ல மூடிப்போனதைக் கிட்ட இருந்து பார்த்தவள் அவள்தான். சொல்லாமல் விழுங்கினாள். 'பரவாயில்லை' என்று சொல்லவும் வரவில்லை. பரவாயில்லை என்பது பொய்.

"துணியை நனைச்சுக்கிட்டே இருக்கச் சொல்லிருக்காங்க" என்றாள். "வாளித் தண்ணி சூடாயிடுச்சு. மாத்திட்டு வாங்க."

அவன் எழுந்து போய் மாற்றிக்கொண்டு வந்தான்.

சிட்டு கண் திறந்தபோது அவள் முகத்தைத்தான் பார்த்தான். ஏதோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியாத அவன் பேச்சு அவளுக்கு மட்டும் எப்போதும் புரியும். இப்போது அவளுக்கும் புரியவில்லை.

வார்டு டாக்டர் கேட்டார்: "முன்னாடியும் இப்படித்தான் கொழகொழன்னு பேசுவானா?"

"பல்லு இல்லாததால அப்படித்தான்... ஆனா இப்படி இருக்காது... எனக்குத் தெரியல டாக்டர்."

"பல்லால வர்ற கொழறலா, மூளையில அடிபட்டதால வர்றதான்னு எங்களுக்குத் தெரியணும். செட்டு இருக்கா?"

இருந்தது, வீட்டில் எங்கேயோ. அவள் புருஷன் ஓடினான். கட்டிலுக்கு அடியில் தேடி, ஷூவைக் கவிழ்த்து, மூட்டைகளைப் புரட்டி, கடைசியில் தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தான். டாக்டரம்மாவும் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

அவள் செட்டைக் கழுவி அவன் உதட்டருகே கொண்டுபோனாள். எப்போதும் தலையைத் திருப்பிக்கொள்கிறவன் அன்று வாயைத் திறந்தான். எதிர்க்கத் தெம்பில்லையா, சம்மதித்தானா, தெரியவில்லை. அப்படி அவன் அடங்கிப்போனதுதான் அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது.

"கண்ணா, நத்தை சொல்லு" என்றார் டாக்டரம்மா.

அவன் முயற்சி செய்தான். உதட்டின் இடது ஓரம் சேர்ந்து வரவில்லை. அங்கிருந்து எச்சில் ஒழுகியது. "ந... ந்... ஐ" என்றான். பல் இருந்தது. நாக்குத்தான் பல்லைத் தேடிப் போகவில்லை.

வார்டு டாக்டர், இடது கையும் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, சின்ன வயது, பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும் என்று சொன்னார். 'பெரும்பாலும்' என்ற சொல்லையே அவள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கட்டிலின் அந்தப் பக்கம் மண்டிபோட்டு, "நத்தை, நத்தை" என்று தானே பிள்ளைக்குச் சொல்லிக் காட்டத் தொடங்கினான். சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. அப்பாவின் முகத்தைச் சிட்டு கூர்ந்து பார்த்தான். எதற்கு இந்த ஆள் நத்தைக்காக அழுகிறார் என்று நினைத்தானோ என்னவோ, வலது பக்க உதடு மட்டும் லேசாகச் சிரித்தது.

சிட்டுவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்ன அன்றே அவள் புருஷன் ரொட்டிக்கடைக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தான். முதலாளியிடம் என்ன பேசினான் என்று அவளும் கேட்கவில்லை. வேறொரு கடைக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வண்டி ஓட்டக் கிடைத்தது. கை நிறைய வித்தை வைத்திருந்தவன் மற்றவர்கள் சுட்ட ரொட்டியைத் தெருத்தெருவாக இறக்கிக்கொண்டு போனான். ரொட்டியின் மேல்பக்கம் வெந்தது போதாது என்று வாய் வரைக்கும் வரும், பேசாமல் இறக்கிவிட்டு வருவான்.

புது வீடு பார்ப்பதற்கு அவள் தனியாகத்தான் அலைந்தாள். சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் ஈரத் துண்டு போர்த்தி, நிழல் நிழலாகப் போனாள். அவனுக்கு இடது கை இன்னும் தொங்கலாகத்தான் இருந்தது. செட்டை இப்போது போட்டுக்கொள்கிறான், தினம் கொஞ்ச நேரம். பேச்சு ஒரு நாள் தெளிவாக வரும், மறுநாள் குழையும். தாடை வளர்கிறது, சீக்கிரமே வேறு அளவு எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மறுபடியும் அந்தக் களி. அதற்குப் பிறகும் மறுபடியும். அவன் ஆளாகும் வரைக்கும்.

கீழ்த்தளத்தில் வீடு வைத்திருந்த ஓர் அம்மாள் கதவைத் திறந்ததும் சிட்டுவின் தலையில் இருந்த ஈரத் துண்டைத்தான் பார்த்தாள்.

"புள்ளைக்கு என்ன? ஒட்டுவாரொட்டி எதுவும் இல்லையே?"

கை வழக்கம்போல வாய்க்குப் போக எழுந்தது. அவள் அதைச் சிட்டுவின் முதுகிலேயே வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. பொறவியிலேயே இவனுக்குப் பல்லு கெடையாது. வேர்வையும் வராது, அதனால சூடு தாங்க மாட்டான். எங்கிட்டேருந்து வந்தது. எனக்கு எங்கம்மாகிட்டேருந்து."

அந்த அம்மாள் அவள் வாயைப் பார்த்தாள், பையனின் வாயைப் பார்த்தாள். முகத்தில் இரக்கமா அருவருப்பா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்து போயிற்று.

"முன் ரூம்ல சாயந்தரம் வெயில் அடிக்கும்" என்றாள். "பின்னால ஒண்ணு இருக்கு. இருட்டு. மத்தவங்க யாரும் வேணாம்னுட்டாங்க. பாக்கறீங்களா?"

"பாக்கறேன்" என்று அவள் செருப்பைக் கழற்றினாள்.